ஒரு வரிக் காரணம்

6 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இடுப்புக்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறீர்களா? நான் நலம். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன், பெரும்பாலும்.

இதையும் மைமூன் அக்கா கடைக்குத்தான் அனுப்புகிறேன். தேக்கா சந்தை மாடியில் அத்தனை தையல் கடைகள். அதில் ஒன்றுக்கு வரும் ஓர் உறையை யார் கவனிக்கப்போகிறார்கள்? அங்கே வேலை முடிந்து நீங்கள் இதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஈசூன் வீட்டுக்குப் போனாலும் பயமில்லை. மார்வின் பையைத் துழாவினாலும் அவருக்கு இது பூச்சி ஊர்ந்த தாள். பள்ளியில் தமிழ் வேண்டாம், மலாய் எடு என்று லாசரஸ் மாமா மகனிடம் சொன்னது இப்போது நமக்கு உதவுகிறது. தொலைபேசியில் நான் பேசியதையெல்லாம் அவர் கண்டுபிடித்தார். தமிழில் எழுதியதை ஒருமுறைகூட இல்லை.

அந்த வீட்டைவிட்டு வந்து ஏழு மாதம். பகலில் கண் மருத்துவமனையில் பதிவு மேசை. வருகிறவர்களிடம் பெயர் கேட்பது வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறேன். தமிழ்ப் பூசைக்குப் போவதில்லை. தமிழ்ப் பூசையில் என்னைத் தெரியாதவர் யார்?

ஒரு காரியம் செய்யப்போகிறேன். சிரிக்காதீர்கள். ஒரு பூங்காவில் ஒரு பெட்டியை மறைத்துவைக்கப் போகிறேன்.

இது ஒரு விளையாட்டு. ஜியோகேஷ் என்பார்கள். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது மறைத்துவைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். உள்ளே ஒரு நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் ஏதாவதொரு புனைபெயரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் என்பீர்கள். ஆறு வருடம் அந்த வீட்டில் நான் எதை எங்கே வைத்தாலும் கண்டுபிடிக்கப்பட்டது. சம்பளச் சீட்டு. அம்மாவின் மோதிரம். மருந்துக் கடை ரசீது. ஒவ்வொன்றுக்கும் விசாரணை. இங்கே நானே வைத்து, நானே வழியும் சொல்லி, யாரோ ஒருவர் கண்டுபிடித்து, ஒன்றும் கேட்காமல் மூடிவைத்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.

பலர் சொல்லாமல் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒளிந்து ஒளிந்து செய்து எனக்கு அலுத்துவிட்டது. பூங்கா அலுவலகத்துக்கு எழுதி முறையாக அனுமதி வாங்கப்போகிறேன்.

பதிலை அந்த அஞ்சலகப் பெட்டி எண்ணுக்கே அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் போய்த் திறக்கிறேன்.

உங்கள்
கேட்லின்


தேக்கா
14 ஜூலை 2025

அன்பு மகள் கேட்லினுக்கு அத்தை எழுதுவது. ஆண்டவர் உன் தலைமேல் வைத்த கையை எடுக்காமல் இருக்கட்டும்.

கடிதம் கிடைத்தது. மைமூனிடம் உன் பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன், வேறொன்றும் சொல்லவில்லை. "ஏன்க்கா, மறைச்சு வைக்கிற பெட்டிக்கு கவர்மெண்டுக்கு லெட்டர் போடுறாளா? அப்புறம் அது என்னா மறைச்ச பெட்டி?" என்று சிரித்து, ஒரு ரவிக்கையின் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். பிரித்துத் தைத்தது நான்.

கோயிலில் வெரோனிகா உன்னைக் கேட்டாள். ஷிஃப்ட் வேலை என்றேன். ஏழு மாதமாக அதே ஷிஃப்ட். அவள் நம்பவில்லை, ஆனாலும் தலையை ஆட்டினாள்.

மார்வின் அமைதியாகத்தான் இருக்கிறான். செக்யூரிட்டி வேலைக்கு ஒழுங்காகப் போகிறான். வந்ததும் உன் அறையில் போய் உட்காருகிறான். நீ விட்டுவிட்டுப் போன துணியையெல்லாம் மடித்து அடுக்கியிருக்கிறான். பார்த்தால் பாவமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. என் போனை அவனே சார்ஜ் போட்டுத் தருகிறான், தினமும்.

உன்மேல் எனக்கு ஒரு குறை. எந்தப் பூங்கா என்று எழுதக்கூடாதா? நீ படுக்கிற கட்டில் எனக்குத் தெரியாது. நீ சமைக்கிற அடுப்பு தெரியாது. ஜெபம் சொல்லும்போது உன்னை எங்கே நிறுத்திப் பார்ப்பது? எனக்கு நீ காற்றில் இருக்கிறாய்.

வெயிலில் குடை எடுத்துக்கொண்டு போ.

உன் அத்தை
அந்தோனியம்மாள்


23 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

விண்ணப்பப் படிவம் வந்துவிட்டது. பதினான்கு கேள்விகள். மண்ணைத் தோண்டக் கூடாது. மரத்தில் ஆணி கூடாது. உள்ளே உணவுப் பொருள் கூடாது. பெட்டி, வெளியிலிருந்து பார்த்தாலே உள்ளிருப்பது தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்று குறித்துக்கொண்டே வந்தேன்.

பதினோராவது: பெட்டியின் மேல் பொறுப்பாளரின் முழுப்பெயர், தொலைபேசி எண். நனையாத தாளில். பார்வையில் படும்படி.

எழுந்து கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் பெயர் விசாலாட்சி. நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் குரல் இளகியது. எனக்கு இறுகியது.

"பேரு கண்டிப்பா போடணுமா?"

"ஆமா மிஸ். கேட்பாரில்லாத பெட்டின்னா யாராச்சும் பயந்துபோய் போலீஸக் கூப்பிட்டுருவாங்க. பூங்காவையே மூட வேண்டியதாயிரும். பேரு, நம்பர் இருந்தா ஒரு கால் அடிச்சுக் கேட்டுக்கலாம்லா."

படிவத்தில் பதினோராவது கேள்வியை மறுபடி படித்தேன்.

"மிஸ், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"விலக்கு கேக்கலாம். பெட்டியில பெர்மிட் நம்பர் மட்டும் ஒட்டிக்கலாம், பேரு எங்க ஃபைல்ல இருக்கும். ஆனா ஏன்னு காரணம் எழுதணும். ஒரு வரி போதும்."

ஒரு வரி.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் கிழித்தேன். பல்கலைக்கழகத்தில் கேட்ட தலைப்பில் இருபது பக்கம் எழுதியவள் நான். எந்தச் சொல்லில் தொடங்கினாலும் உங்கள் மகன் வந்து நிற்கிறார்.

நான் இதுவரை எங்கேயும் எழுதிக் கொடுத்ததில்லை. போலீசில் இல்லை. கோயிலில் இல்லை. மருத்துவரிடம்கூட வேறு கதைதான் சொன்னேன். முதல்முறையாக ஓர் அரசாங்கத் தாள் என்னிடம் ஏன் என்று கேட்கிறது. அதுவும் ஒரு விளையாட்டுக்காக.

அத்தை, அந்த ஒரு வரியை எழுத எனக்கு உங்கள் அனுமதி வேண்டும். அவர் உங்கள் பிள்ளை. நீங்கள் வேண்டாம் என்றால் எழுதமாட்டேன்.

உங்கள்
கேட்லின்


தேக்கா
29 ஜூலை 2025

கேட்லின் கண்ணு,

எழுதாதே. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்டோபரில் அவன் செக்யூரிட்டி லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் எழுதியது இன்னோர் அலுவலகத்துக்குப் போகாதா? இந்த ஊரில் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்தானே. அதிகாரி தமிழ்ப் பெண் என்கிறாய். அவள் போய் அவள் அம்மாவிடம் சொன்னால்? யாருக்கு யார் சொந்தம் என்று தெரியாத ஊரா இது?

அவனுக்கு வேலை போனால் நாள் முழுக்க வீட்டில் இருப்பான். அதை நீ யோசித்தாயா?

இதை நான் எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவைக்கிறேன்.

சொந்தக் காரணம் என்று எழுது. போதாதா? மரியாதையான அதிகாரி என்றால் அதற்குமேல் கேட்கமாட்டாள்.

நீ அனுமதி கேட்டதை நினைத்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. என்னிடம் எதற்குக் கேட்கிறாய்? அந்த நாட்களில் அவன் அறைக் கதவைச் சாத்தினால் நான் அடுப்படியில் ரேடியோவைக் கூட்டிவைப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் அத்தை
அந்தோனியம்மாள்


7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடி "தனிப்பட்ட காரணம்" என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. போதிய விளக்கம் இல்லையாம். ஆனால் இடத்தைப் பார்வையிட நாள் கொடுத்திருக்கிறார்கள். 22ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. விசாலாட்சியே வருகிறார். அங்கே நேரில் பேசிப் பார்க்கிறேன்.

ரேடியோ எனக்குக் கேட்டது. பாட்டுகூட நினைவிருக்கிறது. கோபமில்லை என்று எழுத வேண்டும். எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது. அதோடுதான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நிறுத்த முடியவில்லை.

உங்கள் குறையைத் தீர்க்கிறேன். பெயர் எழுதமாட்டேன். இடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய குளம். கிழக்குக் கரையில் மரப்பாலம். பாலத்தைத் தாண்டினால் மூன்றாவது விளக்குக் கம்பம், அருகே ஒரு கல்மேடை. மேடையின் பின்பக்கம் ஒரு கை நுழைகிற பொந்து. பெட்டி அதில்தான் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து அந்த மேடையில் கால் மணி நேரம் உட்காருகிறேன். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் வரும்படி உட்கார்ந்தால் யாரும் பின்னாலிருந்து வர முடியாது.

ஜெபத்தில் என்னை அங்கே வையுங்கள்.

உங்கள்
கேட்லின்


தேக்கா
15 ஆகஸ்ட் 2025

கேட்லின்,

22ஆம் தேதி போகாதே.

நேற்று நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். மார்வின் என் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தான். எப்போதும் போலப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான் என்றுதான் இருந்தேன். அவன் போனைத் தாளுக்குமேல் பிடித்தான். திரையில் உன் எழுத்து இருந்த இடத்திலேயே இங்கிலீஷ் வந்தது. கண்ணால் பார்த்தேன். உன் எழுத்து ஆடி ஆடி வேறொன்றாக மாறியது. பாதி தப்பும் தவறுமாக. மீதி போதும்.

"ஃப்ரைடே பத்து மணிக்கு என்னா ம்மா?" என்றான். "எந்தப் பாலம்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"எவ்ளோ நாளா ம்மா? என் வீட்டுலயே என்னைய முட்டாளாக்கிட்டு?"

அவன் கத்தவில்லை. தேய்ப்புப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். உனக்குத் தெரியும் அவன் அப்படி உட்காருவது.

பழைய கடிதமெல்லாம் கடையில் நூல் டப்பாவில் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. இந்த ஒன்றைத்தான் இன்னொரு தடவை படிக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். உன் இடத்தைப் பார்ப்பதற்காக.

உன் போன் எண்ணும் என்னிடம் இல்லை. தெரிந்தால் சொல்லிவிடுவேன் என்று நான்தானே வேண்டாம் என்றேன். மைமூன் இதை இப்போதே தபாலில் போடப் போகிறாள். கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை எழுது. போகாதே. அந்தப் பாலத்துப் பக்கமே போகாதே.

அத்தை


23 ஆகஸ்ட் 2025

அத்தை,

உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. போன சனிக்கிழமை எனக்கு முழு நாள் வேலை. அஞ்சலகத்துக்குப் போகவில்லை.

நேற்று போய்விட்டேன்.

பாலத்தைத் தாண்டி, கம்பத்தருகே, கல்மேடையில் உட்கார்ந்து காத்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. சந்தோஷமாக இருந்தேன்.

விசாலாட்சி வந்தார். எனக்கு அக்கா வயது. அளவு நாடா, கையில் ஒரு டேப்லெட், தலையில் அலுவலகத் தொப்பி. பொந்தில் கைவிட்டு அளந்தார். பாம்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் சரி என்றார்.

"லேபிள் மட்டும்தான் மிஸ். பேரோட ஒட்டுனா இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன்."

"விலக்குதான் வேணும்."

"என்னா மிஸ், நீங்க என்ன சினிமா ஸ்டாரா, பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு?" சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார். அளவு நாடாவைச் சுருட்டினார்.

"தனிப்பட்ட காரணம் எல்லாருக்கும்தான் இருக்குன்னு மேல சொல்றாங்க. செப்டம்பர் பதினஞ்சு வரைக்கும் டைம் வாங்கித் தர்றேன். உள்ளத எழுதுங்க. நான் தவிர ஒருத்தர்தான் படிப்பாரு."

பாலத்தின் மறுமுனையில் ஒருவர் நின்றிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வந்தபோதும் நின்றார், நாங்கள் புறப்படும்போதும் நின்றார். பைக் ஓட்டிவந்து இளைப்பாறுகிறவர் என்று நினைத்தேன். இன்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு யோசிக்கிறேன். இளைப்பாறுகிறவர் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டாரா?

உயரம் நினைவில்லை. சட்டை நிறம் நினைவில்லை. அவர்தானா? அவர் என்றால் ஏன் கிட்டே வரவில்லை? விசாலாட்சி இருந்ததாலா? என் பின்னால் வந்து, நான் ஏறின பேருந்தைப் பார்த்துக்கொண்டாரா?

இன்று நான் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, கடைகளுக்குள் புகுந்து நடந்து வந்தேன். விளக்குப் போடாமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவர் எங்கே போனார்? எழுதுங்கள். இதைக் கடையிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

கேட்லின்


தேக்கா
29 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் கேட்லினுக்கு,

நீ நிம்மதியாகத் தூங்கு. அந்த ஹெல்மெட்காரன் இவன் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள், இடது கை.

எந்தப் பூங்கா என்று மார்வின் ஒரு வாரம் கேட்டான். சாப்பிடும்போது கேட்டான். ஜெபம் சொல்லும்போது பக்கத்தில் வந்து நின்று கேட்டான். கடைசியில் சுவா சூ காங் பக்கம் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அதுதான். நீ மேற்கே போகமாட்டாய் என்று எனக்கு ஒரு எண்ணம். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கிளம்பினான். அங்கே இருக்கிற பாலமெல்லாம் பார்த்திருக்கிறான். மதியம் மூன்று மணிக்கு வந்து தண்ணீர் கேட்டான். கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் அலமாரியைத் திறக்கும்போது கதவு கையில் அடித்துவிட்டது. மணிக்கட்டில் சின்ன விரிசல் என்றார்கள். பாலிகிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம்.

மைமூன் என் பங்கு வேலையையும் சேர்த்துத் தைக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது மைமூனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நீ நன்றாகச் சாப்பிடு.

உன் அத்தை
அந்தோனியம்மாள்


3 செப்டம்பர் 2025

அத்தை,

அந்த வீட்டில் எந்த அலமாரிக்கும் கதவு கிடையாது.

என் அலமாரிக் கதவை இரண்டாம் வருடம் அவர் கழற்றிவிட்டார், நான் எதையும் மறைக்கக் கூடாது என்று. உங்கள் அலமாரிக்குத் துணித் திரை. நீங்களே தைத்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி.

நானும் கதவு இடித்தது என்றுதான் சொன்னேன், இரண்டு தடவை. டாக்டர் எழுதிக்கொண்டார்.

என் இடத்தைச் சொல்லாமல் இருந்ததற்காக உங்கள் கை. இதை நான் எங்கே வைத்துக்கொள்வது?

வெளியே வந்துவிடுங்கள். நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். படித்து வைத்திருக்கிறேன், எனக்காகப் படித்தது. துணிச்சல் வரவில்லை. உங்களோடு என்றால் வருவேன். பெட்டி எனக்கு வேண்டாம். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவரைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன். நீங்கள் வந்தால் போதும்.

இந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தேக்காவில் கீழே, பூக்கடைக்கு எதிரில் நிற்பேன். ஒரு பையோடு இறங்கி வாருங்கள்.

கேட்லின்


10 செப்டம்பர் 2025

அன்பு மகள் கேட்லினுக்கு,

சனிக்கிழமை உன்னைப் பார்த்தேன். பச்சைச் சட்டை. இளைத்திருக்கிறாய்.

இப்போதெல்லாம் மார்வின்தான் என்னைக் கடையில் கொண்டுவந்து விடுகிறான். அன்று விட்டுவிட்டுப் போகவில்லை. கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு, கைப்பிடிச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால், கீழே நீ. அவன் தலையைத் திருப்பினால் போதும்.

நான் பேசினேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். வெரோனிகா மகள் கல்யாணம், லிஃப்ட் ரிப்பேர், மீன் விலை. "என்னா ம்மா, இன்னைக்கு இவ்ளோ பேச்சு?" என்றான். எழுந்திருக்கப் போனான். மைமூன் என் முகத்தைப் பார்த்தாள், கீழே பார்த்தாள். பொத்தான் டப்பாவை முழங்கையால் ஒரு தட்டு. ஆயிரம் பொத்தான் தரையெல்லாம். "ஐயோ தம்பி, எனக்கு முட்டி மடங்காதுலா, கொஞ்சம் பொறுக்கிக் குடு!" என்றாள். அவன் மண்டி போட்டுப் பொறுக்கினான். ஒவ்வொன்றாக. சின்ன வயதில் சோறு சிந்தினால் அப்படித்தான் பொறுக்குவான். அவன் எழுந்தபோது நீ இல்லை.

அவன் போனதும் மைமூன் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோவையும் சொன்னேன்.

திங்கட்கிழமை நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. மைமூன் வீட்டில் இருக்கிறேன். நேற்று அவளும் அவள் கணவர் அஹமது கபீர் பாயும் என்னை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனார்கள். உத்தரவுக்கு மனு கொடுத்துவிட்டேன். அங்கே மனு வாங்கிய பெண் கேள்வி கேட்கத் தொடங்கியதும் கபீர் பாய் வெளியே போய் நின்றுகொண்டார், நான் கூச்சமில்லாமல் சொல்லட்டும் என்று. பயம் போகவில்லை. லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவன்தான் என்று நினைக்கிறேன்.

இனி சொல்வதைக் கோபப்படாமல் படி.

அவன் என் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில், நாலு பேர் நடுவில், அவனைப் பார்ப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது. அவன் என் முகத்தைப் படிப்பான். அதற்கு அவனுக்கு போன் வேண்டாம். என்னிடம் நீ இருந்தால் எடுத்துவிடுவான். அதனால் என்னிடம் நீ இருக்கக் கூடாது. இதோடு நமக்குள் கடிதம் வேண்டாம். அஞ்சலகப் பெட்டியை மாற்றிவிடு. புது எண்ணை எனக்கு அனுப்பாதே. பூங்காவையும் மாற்றிவிடு, பாலம் இல்லாத இடமாகப் பார். எங்கே என்று எனக்குச் சொல்லாதே. நூல் டப்பாவில் இருந்த உன் கடிதங்களை மைமூன் அவள் வீட்டு அடுப்பில் எரித்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாதே. 15ஆம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. லைசன்ஸ் போனால் போகட்டும் என்று என்னால் எழுத முடியவில்லை. போகக் கூடாது என்றுதான் ஜெபிக்கிறேன். இருந்தாலும் எழுது. என்னிடம் அனுமதி கேட்டாய், வேண்டாம் என்றேன். அது தப்பு. அந்த அதிகாரிக்கு நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்:

என் கணவர் என்னை அடித்தார், இப்போது என்னைத் தேடுகிறார், அவருடைய அம்மா சாட்சி.

கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. கையெழுத்து கோணலாக இருந்தாலும் என்னுடையதுதான்.

லா. அந்தோனியம்மாள்
மார்வினின் அம்மா